பேசிக்கினே போங்கடி

வளர்ந்த கரும்பின் தோகைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? காற்று அடித்தால் அது வயல் முழுக்க ஓடும். உள்ளே ஆள் நடந்தால் ஓரிடத்தில் எழுந்து அங்கேயே அடங்கும். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணை வட்டாரத்தில் வளர்ந்த எனக்கு, வாய்ப்பாடு மனப்பாடமாகும் முன்பே இந்த வித்தியாசம் காதில் ஏறிவிட்டது.

எங்கள் காலனியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரே பாதை. இரண்டு பக்கமும் கரும்பு. ஒரு குழி நிலம்கூட இல்லாத எங்கள் தெருவில்தான், "கட்டிங் ஆர்டர் வந்துச்சா?" என்று கரும்புக்காரரைவிட அதிகமாக விசாரிப்பார்கள். ஆலையிலிருந்து உத்தரவு வந்து, கரும்பை வெட்டிப் பாதை வெளிச்சமாகும் வரை பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குச் சோறு இறங்காது. "கரும்பு தலை தாண்டிடுச்சு" என்று ஒரு தாய் சொன்னால் அவள் பெண் இனிப் பள்ளிக்கூடம் வரமாட்டாள் என்று அர்த்தம். குட்டையாகப் பிறந்தவளுக்குப் படிப்பு ஒரு மாதம் முன்னதாகவே முடிந்துவிடும்.

எங்கள் அம்மா மட்டும் எங்களை நிறுத்தவில்லை. பாதையை ஒட்டிய மல்லாட்டைக் கொல்லையில், நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே களை வெட்டிக்கொண்டிருந்த அவள், எனக்கும் அக்கா அமுதாவுக்கும் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள். "பேசிக்கினே போங்கடி. எதையாவது சத்தமா பேசுங்க. கொரலு நின்னா நான் ஓடியாருவேன்." பேச ஒன்றும் இல்லாவிட்டால் வாய்ப்பாடு சொல்வோம். "இன்னாக்கா, உன் ரேடியோ ரெண்டும் இன்னும் பாடலியே" என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி பேசுவார்களாம். அம்மாவும் சிரிப்பாள், காது மட்டும் கரும்புப் பக்கமே இருக்கும்.

அக்கா பத்தாவது, நான் எட்டாவது. மேலே படித்து நர்ஸாக வேண்டும் என்பது அக்காவின் எண்ணம். அன்று காலை ஒரு ரிப்பனுக்காகச் சண்டை போட்டு இருவரும் "காய்" விட்டிருந்தோம். "காய்" விட்டவர்கள் "பழம்" விடும் வரை பேசக்கூடாது. நான் விறுவிறுவென்று முன்னால் நடந்தேன், அவள் பின்னால் வந்தாள், இருவரும் வாயைத் திறக்கவில்லை. கொல்லையிலிருந்த அம்மா, நாங்கள் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை என்று நினைத்திருக்கிறாள்.

பாதி வழியில் தோகைச் சத்தம் கேட்டது. ஓரிடத்தில் எழுந்து அங்கேயே அடங்கியது. திரும்பிப் பார்த்தேன், பாதையில் அக்காவின் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது.

"அம்மா" என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். வந்தது "ஈரேழு பதினாலு". பழகிய வாய்க்கு அந்த நேரத்தில் அதுதான் தெரிந்தது. அதையே திரும்பத் திரும்பக் கத்தினேன். களைக்கொட்டும் கையுமாக அம்மா வந்தாள், பின்னாலேயே மற்ற பெண்கள். ஒருவன் கரும்பின் மறுபக்கமாக ஓடினான். சட்டைக் கை கிழிந்து, புத்தகப் பையில்லாமல் அக்கா வெளியே வந்தாள். ஓடியவன் யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது: அம்மா களை வெட்டிய கொல்லைக்காரரின் தங்கை மகன்.

அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு அக்காவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனாள். பொழுது சாயும் வரை மரத்தடியில் உட்கார வைத்து, கடைசியில் ஒரு போலீஸ்காரர் கேட்டாராம்: "கரும்புக்குள்ள உன் பொண்ணுக்கு இன்னாம்மா வேலை?" எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாள் களைக்கு ஆள் கூப்பிட வந்த மேஸ்திரி எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனார். "நான் வரவாண்ணா?" என்று அம்மா கேட்டாள். "ஆளு போதும்மா" என்றார், முகத்தைப் பார்க்காமல். அக்கம்பக்கத்துக் கொல்லைகளிலும் அதே பதில். திண்டிவனம் பக்கம் செங்கல் சூளைக்கு அம்மா போய்விட, எங்கள் குரலுக்குக் காது வைக்க ஆளில்லாமல் இரண்டு பேர் படிப்பும் நின்றது. அடுத்த மாதமே கட்டிங் ஆர்டர் வந்தது. பாதை பளிச்சென்று திறந்து கிடந்தது. அதில் நடக்கத்தான் நாங்கள் இல்லை. மிச்சப் படிப்பை நான் கடைப் பொட்டலத் தாள்களில் படித்துக்கொண்டேன்.

எங்கள் தெருவுக்கு வறுமையைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள், மழை உண்டா, வேலை உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் எந்த வழியாகப் போகிறார்கள், பயமில்லாமல் போகிறார்களா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இன்று அந்தக் கரும்பும் இல்லை, பாதையும் இல்லை. வண்ணக் கல் நட்டு ப்ளாட் போட்டுவிட்டார்கள். அம்மாவும் இல்லை. அக்கா திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் புடவை மடிக்கிறாள். என்னை ஊரே வாயாடி என்கிறது. அவளோ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். அன்று விட்ட "காய்"க்கு நாங்கள் "பழம்" விட்டதாக எனக்கு நினைவில்லை.

கல்லூரிக்குப் போகும் என் மகள் பஸ்ஸை விட்டு இறங்கி, முள்ளுக்காட்டு ஓரமாக நடந்து வரும்போது போனில் பேசிக்கொண்டே வரவேண்டும். "தெனமும் இன்னாம்மா பேசறது?" என்பாள். "எதையாவது பேசிக்கினே வா" என்பேன். நேற்று மத்தியானம் பேச்சின் நடுவே குரல் நின்றது. நான் செருப்புகூட மாட்டாமல் ஓடினேன். லீவுக்கு வந்திருந்த அக்கா எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

எதிரே மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். "சார்ஜ் போயிடுச்சு பெரிம்மா, அதுக்கு ரெண்டு பேரும் இப்படியா ஓடியாருவீங்க."

அக்கா சிரிக்கவில்லை. மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்த முள்ளுக்காட்டில் ஒரு கிளையாவது அசைகிறதா என்று பார்த்தபடி நின்றாள்.