கொலைகாரனுக்கு இரவல் கொடுத்த முகம்

ஐரோப்பாவில் எந்த மூலையில் பீரங்கி வெடித்தாலும் புகை தன் கையிலிருந்துதான் கிளம்புகிறது என்று ஒபதையா ஸ்ட்ரட்விக் சொல்லிக்கொள்வார். பொய்யில்லை. புகைப்படம் அச்சில் ஏறாத அந்தக் காலத்தில், லண்டனில் படங்களோடு வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு மரக்கட்டையில் படம் செதுக்குவது அவர் தொழில். பெரிய படமென்றால் கட்டையைத் துண்டுகளாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பார்கள். செதுக்கியதும் திருகாணி போட்டு மறுபடி ஒன்றாக்கிவிடுவார்கள். முகங்களெல்லாம் கைதேர்ந்தவர்களுக்குப் போகும். ஒபதையாவுக்கு மேகம், புகை, தூரத்துக் கூட்டம். "எந்த ராஜா வந்தாலும் அவர் தலைக்கு மேல நான்தான்" என்பார், வானத்தைச் சொல்லி.

ஒரு பிப்ரவரியில் குவார்ல்ஸ் என்ற மருந்துக்கடைக்காரன் தன் கூட்டாளிக்கு விஷம் வைத்துவிட்டு ஓடிப்போனான். ஊரே அதைத்தான் பேசியது. அவன் படம் யாரிடமும் இல்லை. பத்திரிகையின் ஓவியர் காய்ச்சலில் கிடந்தார். மூத்த செதுக்குநர்கள் ஒரு அரண்மனைக் கல்யாணப் படத்தில் மூழ்கியிருந்தார்கள்.

ஆசிரியர் லாவிங்டன் பட்டறைக்குள் வந்து, "முகம் யாருக்குய்யா வரும்?" என்றார்.

"எனக்கு வரும் சார்." ஒபதையா யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

கிடைத்த அடையாளம் இவ்வளவுதான்: நாற்பதை ஒட்டிய வயது, மீசை, நடுத்தர உயரம். மத்தியானம் முழுக்க வரைந்து பார்த்தார். மீசை வைத்த மேகங்கள்தான் வந்தன. சாயங்காலம் கட்டை அச்சுக்குப் போயாக வேண்டும். அப்போதுதான் கைகழுவும் இடத்துக் கண்ணாடி கண்ணில் பட்டது. அதற்குள் நாற்பதை ஒட்டிய ஒரு மீசைக்காரர், நடுத்தர உயரத்தில், மிரண்டுபோய் நின்றிருந்தார். ஒபதையா அவரை அப்படியே கட்டையில் இறக்கினார். கண்ணில் மட்டும் கொஞ்சம் கொடூரம் சேர்த்தார்.

கட்டையில் இருப்பது அச்சில் இடம்வலமாகத் திரும்பும். ஆகவே தாளில் வந்தது கண்ணாடியில் அவர் தினமும் பார்த்த முகமல்ல. ஊர் பார்க்கிற முகம். அவருக்கே அடையாளம் தெரியவில்லை. 'கடைசியில் எனக்கும் முகம் வந்துவிட்டது' என்று பூரித்துப்போனார்.

சனிக்கிழமை காலை ஒரு கடை ஜன்னலில் அந்தப் பக்கத்தை மாட்டியிருந்தார்கள். முன்னால் நல்ல கூட்டம். பாராட்டைக் காதால் கேட்கலாமென்று ஒபதையா முண்டியடித்து உள்ளே புகுந்தார். மீன்கூடைக்காரி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"ஐயோ, இவன்தான்! புடிங்க!"

தன் வேலையை ஒருத்தி இனம்கண்டுகொண்டாள் என்று அவருக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

காவல் நிலையத்தில் சார்ஜண்ட் பிளிம்டன் பத்திரிகையை அவர் கன்னத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"நான்தான் சார் இதைச் செதுக்கினேன்."

"எவனாவது தன் மூஞ்சியையே கொலைகாரன்னு போட்டுப்பானா?"

"அந்த அளவுக்கு முட்டாள் லண்டன்ல நான் ஒருத்தன்தான் சார்."

மனைவி டார்கஸுக்கு ஆள் போனது. மாவு அப்பிய கையோடு வந்தவள் படத்தைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல ஒரே ஒரு முகம் ஒழுங்கா வந்திருக்கு. அதுக்கும் நான் ஸ்டேஷன்ல வந்து சாட்சி சொல்லணுமா?"

"பெண்டாட்டி புருஷனைக் காப்பாத்தத்தான் பார்ப்பா" என்றார் சார்ஜண்ட்.

"இவரையா? வேணும்னா வச்சுக்கோங்க. எனக்கு அடுப்புல ரொட்டி இருக்கு."

சார்ஜண்ட் ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டினார். "செதுக்கறவன்னா என்னை வரைய்யா பார்ப்போம்." மீசையை முறுக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். ஒபதையா உயிரைக் கொடுத்து வரைந்தார். எட்டிப் பார்த்த கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். தாளில் இருந்தது வேகவைத்த டர்னிப் கிழங்கு. அதைச் சுற்றி அருமையான மேகங்கள்.

சார்ஜண்ட் வெகுநேரம் அதையே பார்த்தார். "இந்தாள் சொல்றது உண்மைதான். இன்னொருத்தன் முகத்தை இவனால வரைய முடியாது. போய்யா வீட்டுக்கு."

திறமை இல்லாததால் தூக்கிலிருந்து தப்பிய ஒரே தொழிலாளி தானாகத்தான் இருக்கும் என்று வழியில் அவர் சொன்னபோது, "ரொட்டி கருகியிருக்கும்" என்றாள் டார்கஸ்.

இரண்டு வாரத்தில் நிஜ குவார்ல்ஸ் பிரிஸ்டல் துறைமுகத்தில் பிடிபட்டான். வழுக்கைத் தலை, பூனைக்குட்டி மீசை. இனி வேலை போனதுதான் என்று ஒபதையா உளிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். லாவிங்டன் வந்தார்.

"அந்த இதழ் ஒண்ணுகூட மிச்சமில்லாம வித்துப்போச்சுப்பா. இப்ப ஜெர்மனிப் பக்கம் ஒரு மந்திரி செத்துட்டாராம். படம் கிடைக்கல."

"சார், வேண்டாம் சார்..."

"கட்டைதான் இருக்கே. மீசையை எடுத்துடு. கண்ணுல கொஞ்சம் கருணை வரட்டும்."

எடுத்தார். மந்திரி வீட்டிலிருந்து புகார் எதுவும் வரவில்லை. டார்கஸ் அந்தப் பக்கத்தை வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள்.

"மீசை இல்லாம நல்லாத்தான் இருக்கீங்க. நாளைக்கே மழிச்சுடுங்க."