ஐந்தாவது மணிக்குள்

மூன்றாம் மாடித் தையல்காரர் சொந்த நாட்டில் இரண்டு பேரைக் கொளுத்திவிட்டு ஓடிவந்தவர் என்று சலவைக்கடைக்காரர் சொன்னார். அவருக்கு அவருடைய சகலை சொன்னாராம். "தைக்கக் குடுங்க, கை சுத்தம். பேச்சு மட்டும் குடுக்காதீங்க."

நான் போனபோது தையல்காரர் வலது பக்க பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். கணுக்காலில் கோர்ட் மாட்டிவிட்ட கறுப்புக் கண்காணிப்புப் பட்டை. அதிலிருந்து ஒரு ஒயர் சுவர் பிளக்குக்குப் போனது. தினமும் இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும். "ஒரு கால் என்னுது, ஒரு கால் கவர்மென்டுது," என்றார். அவர் மனைவி சத்தமே இல்லாமல் சிரித்தார்.

எனக்கு எங்கள் மொழியோடு இந்த நாட்டு மொழியும் தெரியும் என்றதும், படித்துச் சொல்லும்படி ஜாமீன் தாளை நீட்டினார். ஊரில் ஒரு கிடங்கு எரிந்து இரண்டு பேர் செத்திருக்கிறார்கள். அந்த நாடு இவரைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்கிறது. செய்தாரா என்பதை இங்கே விசாரிக்க மாட்டார்கள். அனுப்பலாமா என்று மட்டும் பார்ப்பார்கள். அதுவரை பாஸ்போர்ட் கோர்ட்டில். காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்து, மற்ற நேரமெல்லாம் வீடு. கண்காணிப்பு அலுவலகம் நினைத்த நேரத்தில் வீட்டுத் தொலைபேசியில் கூப்பிடும். ஐந்தாவது மணிக்குள் எடுக்காவிட்டால் ஜாமீன் ரத்து. ஜாமீன் நின்ற மச்சானின் வீடும் போய்விடும்.

படித்து முடித்ததும் என் பையிலிருந்த பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தரையெங்கும் தையல் சாக்கட்டியால் எண்கள். அடுப்பு பதினொன்று, குளியலறை ஏழு, ஜன்னல் நான்கு. அங்கிருந்து தொலைபேசிக்கு அத்தனை காலடி. வாசல் கதவருகே மட்டும் எண் இல்லை. மனைவியும் எண்களை மிதிக்காமல் நடக்கிறார்.

கதவு தட்டினாலும், டீ வேண்டுமா என்று கேட்டாலும், அவர் சொல்வது "இருக்கேன்." என் இடுப்பை அளக்கும்போதும் ஒரு தடவை சொன்னார். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"தூக்கத்துலயும் சொல்றாருங்க," என்றார் மனைவி. "ஒரு நாள் 'எங்க'ன்னு கேட்டுப் பாத்தேன். பதிலே இல்ல."

"சும்மா இரு," என்று தையல்காரர் அவரை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அங்க, அன்னிக்கு நீ இருந்தியாங்கறான். இங்க, இப்ப இருக்கியாங்கறான். இதுக்குத்தான் தம்பி என்கிட்ட பதில் இருக்கு."

அன்றைக்குக் கடைசி அப்பீலில் தீர்ப்பு. மூன்று மணிக்கு மேல் வக்கீல் கூப்பிடுவார், அதே தொலைபேசியில். நம்பர் காட்டாத பழைய கருவி; வக்கீலா, அலுவலகமா என்பது எடுத்தால்தான் தெரியும்.

மூன்றே காலுக்குத் தொலைபேசி மணி அடித்தது.

கை நீட்டினால் போதும். இரண்டாவது மணி. அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"எடுங்களேன்!" என்றார் மனைவி.

மூன்று. "இருக்கேன்" வரவில்லை. ஒயரைப் பிடுங்கினார். குனிந்து, சுருட்டிய பேன்ட்டை மெதுவாக இறக்கி, பட்டை தெரியாதபடி இழுத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான்கு.