கிளட்ச் இல்லாத வண்டி

பானட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷாஜாதி அக்கா கியர்பாக்ஸின் அளவுக் கம்பியை உருவி எடுக்கிறார். வெள்ளைப் பாப்ளின் துண்டில் அதன் நுனியைத் துடைத்து, துணியில் பரவும் எண்ணெயை வெயிலில் பிடித்துப் பார்க்கிறார். பிறகு மோந்து பார்க்கிறார். "டீ டிகாஷன் மாரி ஆயிப்போச்சு. ஆனா கருகல" என்கிறார். என்னிடம் சொல்கிறாரா, வண்டியிடம் சொல்கிறாரா என்று தெரியாது.

கோவளத்தில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். காலையில் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தால் தெருவில் இந்தக் காட்சிதான். வண்டி ஒரு பழைய ஜப்பான் கார். வெள்ளை நிறம் என்று பதிவுப் புத்தகம் சொல்லும். உப்புக் காற்று அதை ஒப்புக்கொள்ளாது. அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று அணுபுரம் குடியிருப்பை விட்டுப் போன ராஜாராம் என்பவரிடம் அக்கா வாங்கியது. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும். அக்காவுக்கு அப்படிப்பட்ட வண்டிதான் வேண்டும். சிறு வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப் போனது. இரும்புப் பட்டை போட்டுத்தான் நிற்பார், நடப்பார். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வலது காலுக்கு. இடது கால் அந்த வண்டியில் ஒரு விருந்தாளி, சும்மா உட்கார்ந்து வரும்.

தொழில் துணி வியாபாரம். பின்சீட்டு முழுக்க நைட்டியும் சுடிதார் துணியும் துப்பட்டாவும். அணுபுரம் குடியிருப்பு, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று வாரம் முழுக்க வீடு வீடாகப் போய்த் தவணைக்குக் கொடுப்பார். கேட்ட அளவுக்குச் சரியாகத் துணி வெட்டி நான் பார்த்ததில்லை. கோலால் அளந்து முடித்ததும், கத்தரிக்கோலை நாலு விரல் தள்ளித்தான் வைப்பார். "அது பரக்கத்துக்கு" என்பார். "கொஞ்சம் சேத்துக் குடுத்தாதான் கை நெறையும். அளவா வெட்டிக் குடுக்க நான் இன்னா மிஷினா?"

கணவர் நூர்முகமது பேருந்து நிலையத்தருகே குடையும் செருப்பும் விற்கிறார். நல்ல மனிதர். வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. மனைவி ஓட்டினால் முன்சீட்டில் உட்கார்ந்து மாமல்லபுரம் தாண்டுவதற்குள் குறட்டை விடுவார். ஒரே மகன் உசாமா சிங்கப்பெருமாள் கோயிலில் குடியிருந்து பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான்.

சில மாதங்களாக வண்டி முரண்டு பிடித்தது. கியர்க் கோலை இழுத்த பிறகும் ஒரு கணம் யோசித்துவிட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டு கிளம்பியது. பெரிய சாலையோரப் பட்டறைக்காரர் ஒருவர் கையை விரித்துவிட்டார். "பழைய கியர்பாக்ஸும்மா. இப்ப போயி ஆயில மாத்துனா அப்பிடியே உட்காந்துடும். வந்த வெலைக்குத் தள்ளுங்க." அவர் பயமுறுத்தவில்லை, பல வண்டிகள் அப்படிப் போனதைப் பார்த்தவர். விஷயம் தெரிந்ததும் உசாமா உடனே ஓர் ஆளைப் பேசி முடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தானே வந்து வண்டியை எடுத்துப் போய் ஒப்படைப்பதாக ஏற்பாடு. நடுரோட்டில் அம்மா நின்றுவிடக் கூடாதே என்ற கவலை அவனுக்கு. இனி வேண்டும்போது வாடகைக் கார் பிடித்துத் தருகிறேன் என்று போனில் சொன்னான்.

போனை வைத்துவிட்டு அக்கா என்னிடம் சொன்னார்: "வாடகைக் காரு வரும், போவும். நான் வாசலைப் பாத்துகினு உக்காந்துகினு இருக்கணும். சின்ன வயசுல அப்பிடித்தான் இருந்தேன், யாருனா வந்து தூக்கிகினு போவாங்களான்னு. இன்னொரு தபா முடியாது தம்பி." எண்ணெயைத் தானே மாற்றிப் பார்ப்பது என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலை தெருவில் பாய் விரித்தார். எதிர்வீட்டு மீனவர் காசிநாதன், படகைக் கரையில் நிறுத்தி வைக்கும் கட்டைகளைத் தூக்கிவந்து, வண்டியை ஜாக்கியால் உயர்த்தி நாலு சக்கரத்துக்கும் அடியில் கொடுத்து, அசைகிறதா என்று தள்ளியும் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். நான் உதவிக்கு நின்றேன். உதவி என்றால் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு கவலைப்படுவது. அக்கா காலிலிருந்த இரும்புப் பட்டையைக் கழற்றி ஓரமாக வைத்தார். முழங்கையை ஊன்றி, பாயோடு ஒரே வழுக்கலில் வண்டிக்கு அடியில் போய்விட்டார். நான் வாயைப் பிளந்தேன். அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "இன்னா பாக்குற? பத்து வயசு வரைக்கும் தரையிலதான் குடித்தனம். தவழ்றது எனக்குப் புதுசா?"

எண்ணெய் மாற்றும் வேலையை அவர் கற்றது போனில் ஒரு வெள்ளைக்காரரின் வீடியோ பார்த்து. அந்த ஆள் பேசுவது ஒரு வார்த்தையும் புரியாது, சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். "அவன் பேச்சு எனக்கு எதுக்கு? கை இன்னா செய்யுதுன்னு பாத்தா போதாது?" முழு எண்ணெயையும் ஒரே தடவையில் மாற்றப் போவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தார். கியர்பாக்ஸின் அடிப் போல்ட்டைக் கழற்றினால் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுதான் இப்போது, உள்ளே தங்குவது தங்கட்டும், சில வாரம் ஓட்டிவிட்டு மறுபடி. "நான் தவணைக்குக் குடுக்கறவ. வண்டிக்கும் தவணைதான்."

பிஸ்மில்லா சொல்லி போல்ட்டைத் திருப்பினார். அகலப் பேசினில் பழுப்பு எண்ணெய் தாரையாக இறங்கியது. போல்ட்டின் நுனிக் காந்தத்தில் சாம்பல் நிற மசி மட்டும் ஒட்டியிருந்தது. அதை விரலில் தேய்த்துப் பார்த்து, இரும்புத் துணுக்கு எதுவும் நெருடவில்லை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. இறங்கியதைப் பழைய தண்ணீர் பாட்டில்களில் அளந்து, அதே பாட்டில் கணக்கில் புது எண்ணெயை நீண்ட புனல் வழியாக ஊற்றினார். ரத்தச் சிவப்பு. ஒவ்வொரு பாட்டில் முடிந்த பிறகும் அவர் கை நிற்கவில்லை. டின்னைச் சாய்த்து இன்னும் ஒரு ஊற்று. அதை நான் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. பிரேக்கை மிதித்தபடி கியர்க் கோலை ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி நிறுத்தி நகர்த்திவிட்டு அளவுக் கம்பியை உருவினார். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. "மேலதானே நிக்குது, கீழ இல்லியே. இருக்கட்டும்" என்றார்.

கட்டைகளை எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினோம். தெருவில் வெண்ணெய் மாதிரி போனது. பெரிய சாலையில் ஏறித் திருவிடந்தையை நெருங்கும்போது இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. அக்கா மிதித்தார். கத்தல்தான் கூடியது. பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்தது. எப்படியோ உருட்டி ஓரம் கட்டி நிறுத்தினார். பட்டறைக்காரரின் பேச்சு எங்கள் இருவர் காதிலும் ஒலித்திருக்க வேண்டும்.

ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "என் காலை நானே ஒடிச்சிகினேன் தம்பி" என்றார். அவர் உடைந்து போய் நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். நான் முன்பெட்டியில் கிடந்த வண்டியின் ஆங்கிலக் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். கியர்பாக்ஸ் பக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தார்கள்: எண்ணெய் அளவுக்கு மேல் போனால் சுழலும் பாகங்கள் அதை நுரையாக அடித்துவிடும், நுரை கியரைப் பிடிக்காது. தமிழில் சொன்னேன்.

தலையைத் தூக்கினார். இறங்கி பானட்டைத் திறந்து கம்பியை உருவினார். நுனியில் சோப்பு நுரை போலக் குமிழ்கள். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "சனியன் புடிச்ச கை. துணின்னு நெனச்சிகினு சேத்துச் சேத்து ஊத்திச்சு பாரு" என்றார். அடுத்த நிமிடம் சிரித்தார். "மெடிக்கல் ஷாப்புல பெரிய ஊசி கெடைக்கும். மெல்லிசா ஒரு டியூபும் வாங்கினு வா, ஓடு."

நான் வாங்கிவந்து சேர்வதற்குள் வண்டி ஆறியிருந்தது. கம்பி போகும் துளைக்குள், ஊசியில் மாட்டிய குழாயை விட்டு உறிஞ்சி உறிஞ்சி எடுத்தார். முதலில் கை கூசியது அவருக்கு. "குடுத்ததைத் திருப்பி வாங்குன பழக்கமே இல்ல" என்று முணுமுணுத்தார். பிறகு ஈவிரக்கமில்லாமல் எடுத்தார். எடுப்பதும், இன்ஜினை ஓடவிட்டுக் கம்பியைத் துடைத்துப் பார்ப்பதுமாக நேரம் போனது. கோட்டுக்கு நேராக எண்ணெய் நின்றதும் ஏறி உட்கார்ந்தார். கியர்க் கோலை இழுத்தார். யோசிக்காமல், வெடுக்கென்று இழுக்காமல் வண்டி நகர்ந்தது. மாமல்லபுரம் வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் யாருக்கு எந்தத் துணி பாக்கி என்று பேசிக்கொண்டு வந்தார். நான் மட்டும் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை உசாமா பஸ்ஸில் வந்து இறங்கினான். வாங்கும் ஆள் செங்கல்பட்டில் காத்திருக்கிறார் என்றான். வண்டி தெருவில் நின்றது, பின்சீட்டில் துணி மூட்டைகள். அக்கா ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். உசாமா வலப்பக்கம் போய்க் குனிந்து, ஜன்னல் வழியே கையை நீட்டினான்.

"ம்மா, சாவி குடு."

"வண்டியில கீது" என்றார் அக்கா. அப்போதுதான் அவன் கவனித்தான், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கியர்க் கோலைத் தொட்டார். வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் அரை அடி முன்னே வந்து, பிரேக்கில் நின்றது. உசாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

அக்கா வலது கையால் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, உடம்பை இடப்பக்கம் சாய்த்து எட்டி, பக்கத்து சீட்டின் கதவை உள்ளிருந்து மகனுக்குத் திறந்துவிட்டார்.