பேர் வெட்டிய என்ஜின்

எண்பத்து மூன்றாம் வருஷம் வெள்ளக்கடை என்ற மலையூரில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டவர் ஒருவர். அந்த ஒருவர்தான் காப்பி எஸ்டேட் ரைட்டர் வெங்கடாசலம். வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போடுவது, பழம் நிறுப்பது, ஸ்டோர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அது கிலுகிலுக்கும்படி நடப்பது ஆகியவை அவருடைய உத்தியோகம்.

வண்டி அவர் மனைவி காவேரியின் தம்பி பெரியசாமிக்குச் சொந்தம். பட்டாளத்தில் வடக்கே மாற்றலானபோது, சும்மா நின்றால் கெட்டுப்போகும், ஓட்டிக்கொண்டிருங்கள் என்று விட்டுவிட்டுப் போனான். வெங்கடாசலம் இரண்டு வருஷம் ஒரு நாள் விடாமல் ஓட்டினார். யாருடைய வண்டி என்று டீக்கடை மாதையன் கேட்டதற்கு, முதல் மாதமே நம்முடையதுதான் என்று சொல்லிவிட்டார். அதைப் பொய் என்று அவர் நினைக்கவில்லை. சின்ன விஷயங்களையெல்லாம் விளக்கிக்கொண்டிருப்பது ரைட்டருக்கு அழகில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடைஞ்சல். கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பேர் வெட்டுகிற ஆளைச் சேலத்தில் பிடித்து, என்ஜினின் வலதுபக்க அலுமினிய மூடியில் பெரியசாமி தன் பேரை வெட்டி வைத்திருந்தான். குடத்தில் வெட்டலாம், குண்டாவில் வெட்டலாம், என்ஜினில் மட்டும் வெட்டக்கூடாதென்று சட்டமா இருக்கிறது? அந்தப் பேரை மறைக்க வெங்கடாசலம் கண்ட உபாயம், எதுவுமே செய்யாமலிருப்பது. எஸ்டேட்டுக்குப் போகிற செம்மநத்தம் பாதையின் செம்மண்ணும் கசிந்த ஆயிலும் கூடி ஆறே மாதத்தில் என்ஜின்மேல் அடை கனத்துக்கு ஒரு கறுப்புத் தோலைப் போர்த்தின. சோம்பல் ஒரு மனிதனுக்கு இவ்வளவு விசுவாசமாக உழைத்ததில்லை.

அப்போதுதான் பெரியசாமியின் கடிதம் வந்தது. பொங்கலுக்கு லீவில் வருகிறானாம். வண்டி சுத்தமாக இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்விடுவானாம். கழுவினால் பேர் தெரியும், மானம் போகும். கழுவாவிட்டால் வண்டி போகும், மானத்தோடு எஸ்டேட்டுக்கு நாலு மைல் நடக்க வேண்டும். வெங்கடாசலம் இரண்டு நாள் யோசித்து ஒரு நடுவழி கண்டார். இடதுபக்கத்தை மட்டும் கழுவி, வலதுபக்கத்தைச் சுவரோரமாக நிறுத்துவது. பெரியசாமி வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பான் என்பதற்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை.

எதைப் போட்டுக் கழுவுவது? அங்கே எஸ்டேட் ஞானம் கைகொடுத்தது. தோலுரித்த காப்பிக் கொட்டையின் வழவழப்புப் போக, காஸ்டிக் சோடாக் கரைசலில் அலசி எடுப்பார்கள். கொட்டையின் வழவழப்பு மட்டும் வழவழப்பா, என்ஜினுடையது வழவழப்பில்லையா? ஸ்டோரிலிருந்து ஒரு டப்பா வீடு வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாயில் பீடியோடு உட்கார்ந்து, தேங்காய் நாரால் கரைசலைத் தொட்டு இடதுபக்கத்தில் தடவினார். சுர்ரென்று நுரைத்தது. நெடி மூக்கில் ஏறியது. அழுக்குப் போகிறதென்று அவர் பூரித்தார். அழுக்கோடு என்ஜினும் போய்க்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு வந்த காவேரி, குடத்துத் தண்ணீரை அப்படியே அதன்மேல் ஊற்றினாள். இன்னொரு குடம் கொண்டுவந்து அவர் கையில் ஊற்றினாள்.

"ஏனுங்க, போன வருசம் உங்க சோத்துப் போசிய இந்தச் சோடாவுல ஊற வெச்சேன். அடுத்த நாள் எஸ்டேட்டுல ரசம் ஒழுகி வேட்டியெல்லாம் ஆச்சே, நெனப்பில்லீங்களா? அலுமினியத்த அது தின்னுப்போடுமுங்க."

பத்து வருஷமாக அலுமினியத்தோடு மல்லுக்கட்டுகிற ஆள் வீட்டிலேயே இருக்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் ரைட்டர்கள் கேட்பதில்லை, எழுதுவார்கள். தின்னப்பட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் பூத்து நின்றது.

பெட்ரோல் ஊற்றினால் சீக்கிரம் போகுமே என்று அடுத்த யோசனையை அவர் எடுத்துவிட்டார்.

"ஊட்டையும் சேத்துக் கொளுத்தோணும்னா ஊத்துங்க" என்று காவேரி பீடியைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டாள்.

பிறகு வேலை அவள் கைக்குப் போனது. கார்புரேட்டரையும் சைலன்சர் வாயையும் பாலித்தீன் பையால் கட்டினாள். தடித்த மண்ணை மூங்கில் சிம்பால் சுரண்டினாள். ரேஷன் சீமெண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அடுப்புக்கு எட்டாத தூரத்தில் வைத்து, பழைய பல் பிரஷால் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். அப்புறம் சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், துணி. இடதுபக்கம் முடிந்து வலதுபக்கம் திரும்பியபோது, அந்தப் பக்கம் போதும், வெயில் ஏறிவிட்டது என்றார் வெங்கடாசலம்.

"அந்தப் பக்கம் என்னங்க இருக்குது?"

ஒன்றுமில்லை என்றார். அவள் தேய்க்கத் தேய்க்க முதலில் 'பெ' வந்தது. காவேரி நிறுத்தவில்லை. முழுப் பேரும் வந்த பிறகுதான் நிமிர்ந்தாள். "ஊருக்கெல்லாம் உங்க வண்டின்னு சொல்லி வெச்சிருக்கீங்களாமா. மாதையன் பொண்டாட்டி சொன்னா." வெங்கடாசலம் மிகுந்த சிரத்தையோடு பின்சக்கரத்துக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

பெரியசாமி சேலம் பஸ்ஸில் வந்து இறங்கிய இடம், சுவர் எதுவுமில்லாத மாதையன் டீக்கடை வாசல். அழைத்துப்போக வெங்கடாசலம் கொண்டுவந்திருந்த வண்டியைச் சுற்றி வந்தான். சாம்பல் பூத்த இடத்தைக் கண்டு இதென்ன என்றான். வெயிலில் வெளுத்துவிட்டது என்றார் வெங்கடாசலம். அந்த மார்கழியில் நாலு நாளாக மூடுபனியில் எதிரில் வருகிற ஆள் தெரியவில்லை. பட்டாளத்தான் அதைக் கேட்டுக்கொண்டு வலதுபக்கம் வந்தான். தன் பேரைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"நொம்ப நல்லா வெச்சிருக்கீங்க மச்சான். இன்னும் ரெண்டு வருசம் நீங்களே ஓட்டுங்க. எம் பேரு மட்டும் எப்பவும் இப்படித் தெரியோணும்."

டம்ளர் கழுவிக்கொண்டிருந்த மாதையன் தலை நிமிராமலே கேட்டான்: "ஏனுங்க ரைட்டரே, வண்டி உங்களுது, பேரு மட்டும் அவருதுங்களா?"

வெங்கடாசலம் டீயை ஊதி ஊதிக் குடித்தார். அது ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது.

எப்படியோ வண்டி தங்கிவிட்டது. மானத்தைப் பற்றியும் அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. செம்மநத்தத்துக்கு நாலு நடை போய்வந்தால் பழைய தோல் தானாக வளர்ந்துவிடும். வளரத்தான் செய்தது, என்ஜின் முழுக்க. ஆனால் தினமும் காலையில் அவர் சட்டை மாட்டுகிற நேரத்தில், காவேரி ஒரு சீமெண்ணெய்த் துணியோடு வெளியே போய், வலதுபக்கத்தில் நாலு விரல் அகலத்தை மட்டும் அழுத்தித் துடைத்துவிட்டு வருவாள்.