வார்டுகளுக்கு மார்க்குப் போட்டவர்

என் தங்கை வீட்டுக்காரருக்கு எங்கள் குடும்பத்தில் வைத்த பெயர் மார்க்கு. அவர் காதுபடச் சொல்வதில்லை. சொன்னாலும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார். கல்யாணமான மறுவாரம் என் தங்கை போட்ட காபிக்குப் பத்துக்கு ஆறரை கொடுத்த மனிதர். "அந்த அரை எதுக்குங்க?" என்று அவள் கேட்டதற்கு, "சூட்டுக்கு" என்றார். அன்றைக்கே அந்த டம்ளரை அவர் தலையில் கவிழ்த்திருந்தால் பிற்பாடு பல சங்கடங்கள் மிச்சமாகியிருக்கும்.

அவருக்கு வேலை மாநகராட்சியில், புள்ளிவிவரப் பிரிவில். எந்த வார்டில் எத்தனை மரம், எத்தனை திருட்டு, எத்தனை புகார், எத்தனை சாவு என்று மற்ற துறைகள் அனுப்புவதை ஒன்றுசேர்த்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவார்கள். ஏற்றினோமா, வீட்டுக்குப் போனோமா என்று மற்றவர்கள் இருந்தார்கள். இவருக்கு அது போதவில்லை. அத்தனையையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கி, ஊரிலேயே வாழத் தகுந்த வார்டு எது, தகாதது எது என்று முதலிலிருந்து கடைசிவரை வரிசை போட்டார். மேலதிகாரி பூரித்துப்போய் வருஷா வருஷம் போடச் சொன்னார். பத்திரிகைக்காரர்களுக்கும் அரைப்பக்கம் நிரம்பியது. அதற்குப் பிறகு மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இதில் ஒரு கொள்கை வேறு. வீடும் ஆபீஸும் இருக்கிற வார்டுகளைத் தவிர, மார்க்குப் போடுகிற எந்த வார்டுக்குள்ளும் கால் வைக்கமாட்டார். "நேர்ல பாத்தா மனசு ஒரு பக்கம் சாய்ஞ்சிடும் மச்சான். ஒரு தெருவுல காத்து நல்லா அடிக்கும், ஒரு கடைக்காரன் சிரிச்சுப் பேசுவான். அத்தோட கணக்கு கெட்டுச்சு" என்பார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி நடத்துகிறவன். கண்ணை மூடிக்கொண்டால்தான் ரோடு சரியாகத் தெரியும் என்று ஒருவர் என்னிடம் வந்து சொன்னால், கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். மாப்பிள்ளையை அப்படி அனுப்ப முடியாதே.

அப்போது அவர்கள் குடியிருந்தது பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசல் தெருவில். வரிசையாக மருந்துக் கடைகள், பழவண்டிகள், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் படிக்கட்டுகளில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிடுவார்கள். ஆம்புலன்ஸ் சத்தத்தில் தொலைக்காட்சி கேட்காது. அழகான தெரு என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மார்க்கின் அப்பாவுக்கு அந்தத் தெரு உயிர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர், கூட்டமும் கூச்சலும் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மருந்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் எல்லாரிடமும் என்ன உடம்புக்கு என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலையில் அவரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் சாய்ந்தார். கடைக்காரர் விற்பனைக்கு வைத்திருந்த சக்கர நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, பெரியவரை அதில் தூக்கிப்போட்டுப் பின்வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு ஓடினார். என் தங்கை செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். மகனார் விஷயம் தெரிந்து ஆபீஸிலிருந்து வந்து சேர்ந்தபோது பெரியவர் கண் திறந்துவிட்டார். "கொஞ்சம் தாமதிச்சிருந்தா நாங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. இன்னொரு தடவை வரலாம், பக்கத்துலயே இருங்க" என்றார் டாக்டர்.

அந்த வருஷத்து வரிசையில் அந்த வார்டு கடைசி இடத்துக்கு வந்தது. சத்தம் அதிகம், புகார் அதிகம், எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரிலேயே அதிகச் சாவு அங்கேதான். மார்க்கு வெலவெலத்துப்போனார். "இவ்வளவு பேர் சாகற இடத்துலயா அப்பாவை வெச்சிருந்தேன்!"

என் தங்கை அதிகம் படித்தவள் இல்லை என்று அவருக்கு ஓர் எண்ணம். அவள் கேட்டாள்: "ஏங்க, ஊர்ல இருக்கிற சீக்காளி எல்லாம் இங்கதானே வர்றாங்க? ஆஸ்பத்திரி இருக்கிற இடத்துல சாவு இல்லாம எப்படிங்க?"

"உணர்ச்சிவசப்படாத. நம்பர் பொய் சொல்லாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப குடை அதிகமா விரிச்சிருக்கிற தெருவுலதான் மழை அதிகம்னு சொல்றீங்க, அப்படித்தானே மாப்பிள்ளை?" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "குடைக்கு நம்மகிட்ட தகவல் இல்லை மச்சான்" என்றார். கிண்டல் உறைக்கிற தோலா அது?

முதல் இடத்தில் இருந்த வார்டில் தரகர் மூலம் வீடு பிடித்தார். கொள்கைப்படி நேரில் பார்க்கவில்லை. சாமான் ஏற்றிய லாரியோடு போய் இறங்கிய அன்றுதான் முதல்முறையாக அந்த மண்ணை மிதித்தார். ஊரின் எல்லை ஓரத்தில் புதிதாக மனை பிரித்துப்போட்ட இடம். பாதி எழும்பி நின்றுபோன கட்டடங்கள், அகலமான ரோடு, இடுப்பளவு வளர்ந்த மரக்கன்றுகள். திருட்டு இல்லை, திருட ஒன்றுமில்லாததால். விபத்து இல்லை, வண்டி வராததால். புகார் இல்லை, புகார் சொல்ல ஆள் இல்லாததால்.

"ஆளுக்கு இவ்வளவு மரம் ஊர்ல வேற எங்கயும் கிடையாதுப்பா" என்று அப்பாவுக்குக் காட்டினார்.

பெரியவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். "மரம் தெரியுது. ஆளு எங்கடா?"

அவர் போகாமல் அடம்பிடித்திருக்கலாம். ஆனால் பிள்ளை ஆசைப்பட்டுச் செய்கிறான் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார். அந்த நல்ல மனுஷருக்கு எப்படி இது பிள்ளையாகப் பிறந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நான் போகும்போதெல்லாம் கேட் ஓரம் நின்றுகொண்டிருப்பார். "ஒரே ஒரு பஸ் போனாக்கூடப் போதும் தம்பி, கண்ணு குளிர்ந்துடும்" என்பார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அங்கே இருந்தபோதுதான் மறுபடி வலி வந்தது. சாப்பிட்டு எழுந்தவர் கை கழுவுகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. மார்க்கு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். எந்த இடம் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் வார்டு எண்ணைச் சொன்னார்.

"அது தெரியாது சார். பக்கத்துல என்ன இருக்கு? கடை, ஸ்கூல், பெட்ரோல் பங்க், ஏதாவது அடையாளம் சொல்லுங்க."

அடையாளமா? சுற்றிலும் கன்றுகள். மனிதர் மறுபடியும் வார்டு எண்ணையே சொன்னார், இந்த முறை சத்தமாக. நான் போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பெரியவரைத் தூக்கினேன்.

என்னுடையது பயிற்சிக் கார். முன்னால் பின்னால் எல் போர்டு, என் பக்கத்து இருக்கையின் காலடியில் சொல்லிக்கொடுக்கிறவருக்கென்று இன்னொரு பிரேக். தங்கை பின்னால் மாமனாரை மடியில் சாய்த்துக்கொண்டாள். மார்க்கு முன்னால் ஏறினார். நான் வேகமெடுக்கும்போதெல்லாம் வண்டி முனகிக்கொண்டு இழுத்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. பார்த்தால், மகனார் பயத்தில் அந்த பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறார்!

"காலை எடுங்கய்யா!"

"மச்சான், இந்த ரோட்டுல விபத்து அதிகம். எனக்குத் தெரியும். நான் பாத்திருக்கேன்."

அவர் பார்த்தது கணக்கில். மரியாதை எல்லாம் போய், "எடுடா காலை!" என்று கத்தினேன். சம்மணம் போட்டு உட்காரவைத்தேன். வழி முழுக்கத் தங்கை, "மாமா, கண்ணைத் திறங்க, ஆஸ்பத்திரி வந்துடுச்சு" என்று பொய் சொல்லிக்கொண்டே வந்தாள். அது நிஜமாக வந்தபோது பெரியவருக்கு மூச்சு இருந்தது. பின்வாசலில் அதே மருந்துக் கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்து தூக்கினார். உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் போராடினார்கள், காப்பாற்ற முடியவில்லை. வெளியே வந்த டாக்டர், பழைய ஆளைத் தெரிந்துகொண்டு, "எங்கேயிருந்து கொண்டு வர்றீங்க?" என்று கேட்டார். தங்கை சொன்னாள். "பக்கத்துலயே இருங்கன்னு சொல்லியிருந்தேனே" என்றார் அவர்.

நான்கைந்து மாதம் கழித்து அடுத்த வரிசை தயாரானது. மார்க்கு வீட்டிலேயே உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தார். தங்கை பின்னால் போய் நின்று திரையைப் பார்த்திருக்கிறாள். அவர்கள் வார்டு மறுபடியும் முதலிடம். சாவு என்ற இடத்தில் பூஜ்யம்.

"மாமாவை எங்க போட்டீங்க?" என்று கேட்டாளாம்.

அவர் உடனே திரும்பவில்லை. "இறந்த இடம் எதுவோ, அந்த வார்டுலதான் சேரும். அதுதான் விதி" என்றார்.

"அவர் இங்கதாங்க விழுந்தாரு. இதோ, கை கழுவற இடத்துல."

"அதை நான் மாத்த முடியாது. ஒரு ஆளுக்காக மாத்தினா மொத்தக் கணக்கும் கெட்டுடும்."

"ஒரு ஆளா?" என்றாள் தங்கை. "உங்க அப்பா."

எனக்குப் போன் செய்து வரச்சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் துணிமணியைக் கட்டி வைத்துவிட்டாள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்டார். "வாழத் தகுந்த இடம் எதுன்னு இத்தனை வருஷமா சொல்லிக்கொடுத்தீங்களே, எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது. நீங்க இல்லாத இடம்" என்றாள்.

அவர் அழுதார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல், தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு இரக்கம் வரும் என்று நானே எதிர்பார்த்தேன், வரவில்லை. அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, எங்கள் கண்ணெதிரிலேயே அந்த வரிசையை ஆபீஸுக்கு அனுப்பிவைத்தார். பின்வாசல் தெரு அந்த வருஷமும் கடைசி. அதைக் கடைசியில் தள்ளிய சாவுகளில் அவருடைய அப்பாவின் சாவும் ஒன்று.