ஜாய்ஸுக்கு ஒரு நாற்காலி

சதுரங்கப்பட்டினத்து ஜாய்ஸ் நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போய் மூன்று வருடம் ஆகிறது. லீவு நாள் வந்தால் போதும், கூட வேலை பார்க்கும் திருப்போரூர்க்காரி சிநேகாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். கல்வேலியும் ஆட்டு மந்தையுமாகக் கிடக்கும் கிளேர் பக்கத்துக் கிராமங்களில் எந்தப் பப்பில் கச்சேரி என்று விசாரித்துக்கொண்டு போவாள். மேடை கிடையாது, மைக் கிடையாது. ஊர்க்காரர்களே வட்டமாக உட்கார்ந்து பிடிலும் குழலும் வாசிப்பார்கள். நடுவில் ஒரு போரான், அதாவது ஒற்றைக் குச்சியால் அடிக்கும் ஆட்டுத்தோல் பறை. வட்டத்துக்கு ஒரு பறைதான். கூப்பிடாமல் யாரும் உள்ளே போய் உட்காரக் கூடாது.

அந்த வட்டத்தில் ஒரே ஒரு தடவை அடித்துவிட வேண்டும் என்று ஜாய்ஸுக்குத் தீராத ஆசை. அவளுடைய அப்பா கருப்பன் ஊரில் பறையடிக்கிறவர். பெண்பிள்ளை என்று இவள் கையில் யாரும் குச்சி கொடுத்ததில்லை. சோறு வடிக்கும் அன்னக்கூடையைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டியே கற்றுக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓயாத மழை. ஈரத்தில் தோல் தொய்ந்து, பறைக்காரர் டெக்லன் அடிக்க அடிக்க நனைந்த சாக்கைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பறையைப் பையில் வைக்கப் போனார். ஜாய்ஸ் என்ன நினைத்தாளோ, எழுந்து போய் அவர் கையிலிருந்து அதை வாங்கி, நேராகக் கணப்பு நெருப்பில் காட்டினாள்.

"ஏய், இன்னாடி பண்ணிகினு கீற? கருகிச்சுன்னா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிடுவாங்க!" என்று பதறினாள் சிநேகா.

"சும்மா இருடி. வைக்கோல் கொளுத்தி காச்சறத எத்தினி வாட்டி பாத்துகீறேன்!"

பிடில்கள் நின்றுபோயின. எல்லாக் கண்களும் தன் மேல் இருப்பது தெரிந்தும் ஜாய்ஸ் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டினாள். டங்கென்றது.

டெக்லன் தன் நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். "காய்ச்சியது நீ. நீயே அடி."

பிடில்காரி நோரா வில்லை எடுத்தார். மூன்று மூன்றாக உருண்டோடும் ஆட்டப் பாட்டு. ஜாய்ஸின் கை தானாக ஓர் அடியைப் பிடித்தது. பாட்டோடு அது கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. வட்டம் முழுக்கக் கால்கள் தரையைத் தட்டின. சிநேகா மட்டும் அவள் காதோரம் குனிந்தாள்.

"அடிப்பாவி, இது சாவு மேளம்டி!"

"தெரியும்டி. கைக்கு இதான் வருது, நான் இன்னா பண்ண?"

பாட்டு முடிந்ததும் நோரா கேட்டார். "உங்கள் ஊரில் இதை எப்போது அடிப்பீர்கள்?"

பொய் சொல்லிவிடலாமா என்று இருந்தது ஜாய்ஸுக்கு. கிடைத்த இடம் கையை விட்டுப் போய்விடுமே. "பிணம் எடுக்கும்போது," என்றாள் கடைசியில். "சுடுகாடு வரைக்கும் ஆடிக்கொண்டே போவோம்."

திடீரென்று நோரா மேசையைத் தட்டிச் சிரித்தார். "எங்கள் அம்மாவையும் இந்தப் பாட்டோடுதான் அனுப்பி வைத்தோம்! செத்த ராத்திரி அவள் உள்ளே படுத்திருந்தாள், நாங்கள் கூடத்தில் ஆடித் தீர்த்தோம்."

"அப்படியானால் கல்யாணத்துக்கு?" என்றார் டெக்லன்.

"அது வேறு அடி. இதைவிட வேகம்," என்ற ஜாய்ஸ், யாருக்கும் காத்திராமல் குச்சியை ஓங்கினாள். அவள் முன்னே போக, பிடில்கள் ஒவ்வொன்றாக அவளை எட்டிப் பிடிக்க ஓடிவந்தன.