சேட்டுவின் உயிலுக்குச் சாட்சிகள்

என் தம்பி சேட்டுவுக்கு எதிலும் மரியாதை குறையக் கூடாது. சாலவாக்கத்தில் நிச்சயதார்த்தமோ வரப்புத் தகராறோ, ஊரிலேயே மூத்தவர் வந்து உட்கார்ந்தால்தான் அவனுக்குக் காரியம் நடந்த மாதிரி. உயிலையும் அப்படித்தான் எழுதினான், புத்திகெட்டவன்.

உயில் அவன் மகள் கனகாவுக்காக. புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு, அப்பனுக்குச் சோறாக்குவதும் கழனியைப் பார்ப்பதும் அவள்தான். மகன் பிரேம்நாத்துக்கு நிலம், கனகாவுக்கு வீடு என்று எழுதினான். பிரேம்நாத்தோ வரும்போதெல்லாம், "பொண்ணுக்கு எதுக்கு வூடு?" என்று ஆரம்பித்துவிடுவான். அப்பன் கண்ணை மூடினால் அவளை வெளியே அனுப்பிவிடுவான், எங்களுக்குத் தெரியாதா?

சாட்சிக்கு சேட்டு யாரைக் கூப்பிட்டான் தெரியுமா? பழைய மணியக்காரரையும் பஜனை கோயில் பெரியவரையும். இரண்டு பேரையும் தாங்கிப் பிடித்துத்தான் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

"ஏன்டா, நாளைக்கி வழக்குன்னு வந்தா சாட்சி சொல்ல இவங்க இருப்பாங்களா? வயசுப் பசங்களைக் கூப்புடுடா" என்றேன்.

"சும்மா இரு அக்கா நீ. என் உயிலுக்கு நேத்து பொறந்ததுங்க கையெழுத்து போடுமா? ஊரு இன்னா சொல்லும்?"

அந்த ஆடியிலேயே மணியக்காரர் போனார். மாற்றி எழுது, மாற்றி எழுது என்று சொல்லி என் தொண்டைதான் வறண்டது. தை பிறக்குமுன் பெரியவரும் போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில் கனகா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, என் வூடு போச்சா?" என்றாள்.

மறுவாரமே சேட்டுவை உத்திரமேரூர் பதிவு அலுவலகத்துக்கு இழுத்துப் போனேன்.

"உயில் செல்லாமப் போவாதும்மா. ஆனா மவன் வழக்கு போட்டா நிரூபிக்கறதுக்குள்ள பேஜாராயிடும். புதுசா எழுதிடுங்க" என்றார் பத்திரம் எழுதுபவர்.

அப்போதும் இவன், "எங்க மாமனாரோட அண்ணன் ஒருத்தர் கீறாரு. தொண்ணூறு வயசு, நல்லா நடமாடிக்கினு..." என்று இழுத்தான்.

"வாயை மூடுடா!" என்று பதிவு அலுவலக வாசலிலேயே கத்திவிட்டேன்.

கடைசியில் டிராக்டர் ஓட்டும் கார்த்திக்கும் ஆஸ்பத்திரி நர்ஸ் திவ்யாவும் கையெழுத்துப் போட்டார்கள். கனகா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

தொல்லை விட்டது என்று நினைத்தேன். எங்கே விட்டது? இப்போது சேட்டு தினமும் காலையில் தெருமுனையில் நின்று கார்த்திக்கின் பைக்கை மறிக்கிறான்.

"டேய், ஹெல்மெட் எங்க?"

"தோ, கழனிக்குத்தான் போறேன் பெரியப்பா."

"போய் எடுத்தாடா. எனக்கு அப்பறமும் நீ ரொம்ப நாள் இருக்கணும்."